கலைச்சொல் விவாதம்: பனியுந்தின் கைப்பிடியைச் சூடாக்கும் அமைப்புக்குத் தமிழ்ச் சொல்

வேலூரிலிருந்து:

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

டொராண்டோவில் குளிர்காலத்தில் வண்டிப் பழுதுபார்ப்பு வகுப்பு நடத்தும் நம் குழும நண்பர், பனியுந்தின் கைப்பிடிகள் சூடாகாமல் போனால் பழுதை எப்படித் தேடுவது என்பதைத் தமிழில் குறிப்பாக எழுதித் தரும்படி கேட்டிருந்தார். வேலூர் வெயிலில் வாகன மின்பணி கற்றுக்கொடுக்கும் ஒருவனிடம் ஏன் கேட்டார் என்று சிலருக்குத் தோன்றலாம். படைப் பணியில் இருந்த ஆண்டுகளில் காஷ்மீர்ப் பணிமனையில் இந்த வண்டிகளைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு படைவீரர்கள் உள்ள ஊர்கள் நம் மாவட்டத்தில் இருப்பதால், இந்த வண்டியைப் பழகியவர்கள் இங்கே என்னைப் போல இன்னும் பலர் உண்டு. அவர்கள் அதை 'ஸ்னோ ஸ்கூட்டர்' என்பார்கள். எழுத்தில் 'பனியுந்து' என்றே வைத்துக்கொண்டேன். பேருந்தும் சிற்றுந்தும் நிலைத்துவிட்ட மொழியில் இதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

குறிப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. கைப்பிடிக்குள் மின்சாரத்தால் சூடு உண்டாக்கும் அந்த அமைப்பை எப்படி அழைப்பது என்பதில்தான் உங்கள் உதவி வேண்டும். பழுது தேடும் குறிப்பில் ஒரு சொல் பெயராக இருந்தால் மட்டும் போதாது. அது கெட்டுப்போன நிலையைச் சொல்லும் வாக்கியத்திலும் தடுமாறாமல் நிற்க வேண்டும். 'சூடான கைப்பிடி' என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பின் முதல் வரியே 'சூடான கைப்பிடி சூடாகவில்லை என்றால்' என்று தொடங்கும். படிப்பவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். போதாக்குறைக்கு, மின்தடை குறைந்து கைப்பிடி அளவுக்குமேல் கொதிக்கும் பழுதும் உண்டு. அந்த நிலையில் 'சூடான கைப்பிடி' என்பது கருவியின் பெயரா, பழுதின் பெயரா என்று பிரிக்க முடியாது. 'சூடேற்றப்பட்ட கைப்பிடி' இன்னும் மோசம். யாரோ அடுப்பில் வைத்து எடுத்தது போல ஒலிக்கிறது.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், சொல்லைத் தேட அது உதவும். ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் ரப்பர் உறை இருக்கும். நம் ஊர் மெக்கானிக்குகள் அதைக் 'கிரிப் கவர்' என்பார்கள். அந்த உறைக்குள்ளோ உறைக்கும் குழாய்க்கும் நடுவிலோ மின்தடைக் கம்பி சுற்றப்பட்டிருக்கும், அல்லது மெல்லிய ஏட்டில் பதித்த உலோகத் தடமாக ஒட்டப்பட்டிருக்கும். 12 வோல்ட்டில் 6 ஓம் தடை இருந்தால் 2 ஆம்பியர் ஓடும், 24 வாட் சூடு கிடைக்கும். மோட்டார் சைக்கிளில் வலது கைப்பிடியை முறுக்க வேண்டியிருப்பதால் அந்தப் பக்கத்துக் கம்பி மடங்கி மடங்கி அறுந்துபோவது வழக்கம். பனியுந்தில் கைப்பிடி சுழலாது. வலது கட்டைவிரலால் அழுத்தும் நெம்புகோல்தான் முடுக்கி. ஆகவே அந்த நெம்புகோலுக்குள்ளும் பல வண்டிகளில் சிறிய சூடேற்றி ஒன்று தனியாக இருக்கும். அதற்குப் போகும் கம்பிதான் ஒவ்வொரு அழுத்தலிலும் வளைகிறது. கைப்பிடிகள் இரண்டும் சூடாக இருந்து கட்டைவிரல் மட்டும் விறைத்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

இப்படிப் பார்த்தால் நமக்கு மூன்று பெயர்கள் வேண்டும்: வெளியே உள்ள உறைக்கு, உள்ளே சூடு தரும் உறுப்புக்கு, இரண்டும் சேர்ந்த முழு அமைப்புக்கு. உறை கிழிந்தாலும் சூடு வரும். உள்ளுறுப்பு அறுந்தால் உறை புதிதாக இருந்தும் பயனில்லை. இந்த வேறுபாடு சொல்லில் தெரியாவிட்டால் மாணவர் ஐந்து நிமிட வேலைக்கு ரப்பரைக் கத்தியால் கிழித்துவிடுவார், அதோடு நல்ல நிலையில் இருந்த சூடேற்றியையும் அறுத்துவிடுவார்.

உறைக்குப் 'பிடியுறை' என்பதும், உள்ளுறுப்புக்குச் 'சூடேற்றி' என்பதும் எளிதாக அமைகின்றன. முழு அமைப்புக்குக் 'கணப்புப்பிடி' என்று முன்வைக்கிறேன். கணப்பு என்பது குளிர்காய மூட்டும் தீ. ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் மார்கழி இரவில் மக்கள் தேடுவது எதுவோ அதையேதான் பனியுந்து ஓட்டுபவரின் கையும் தேடுகிறது. கணப்பு அணைந்திருந்தாலும் அது கணப்புத்தான் என்பதால், 'கணப்புப்பிடி சூடாகவில்லை' என்ற வாக்கியத்தில் முரண் இல்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

டொராண்டோவிலிருந்து:

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

நீங்கள் எடுத்துக்கொண்ட சிரத்தைக்கு மிக்க நன்றி. என் வகுப்பில் இருப்பவர்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து இங்கு தொழில் பழகுபவர்கள். மற்றப் பாதிப்பேர் இங்கேயே பிறந்தவர்கள். தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்கச் சற்று நேரம் பிடிக்கும். 1959இல் கியூபெக்கின் வல்கூர் என்ற சிற்றூரிலிருந்து ஜோசப் அர்மான் பொம்பார்டியே விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்கி-டூவின் வழியில் வந்த வண்டிகள்தாம் இன்றும் இங்கு எங்கும் ஓடுகின்றன. ஆகவே பொருள் அவர்களுக்குப் புதிதன்று, சொல்தான் புதிது. அவர்களுக்காகச் 'சூடேறும் பிடி' என்று வைத்தால் என்ன? எவரும் அகராதியைத் தேட வேண்டியதில்லை.

கணப்பை ஏற்பதாக இருந்தால் உள்ளுறுப்புக்கும் அதே வேரிலிருந்து 'கணப்பிழை' என்று ஆக்கலாமே. கணப்பைத் தரும் இழை என்பதால் சொற்குடும்பம் ஒன்றாக நிற்கும். 'ஸ்விட்ச்' என்று நீங்கள் எழுதும் இடங்களில் 'ஆளி' என்று மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும். எங்கள் பாடப்புத்தகங்களில் படித்த சொல் அது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. வகுப்புக்கு வரும் வண்டிகளில் பழையவை அதிகம், பலவற்றில் மின்கலமே இல்லை, கயிற்றை இழுத்துத்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். மாணவர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்து, மின்சாரம் வரவில்லை என்று ஆளியைக் கழற்றிவிடுகிறார்கள். இதற்கு ஒரு பத்தி தாருங்கள்.

குடியாத்தத்திலிருந்து:

தம்பிக்கும் டொராண்டோ நண்பருக்கும் வாழ்த்துகள்.

முப்பது ஆண்டுக்குமேல் தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன். 'கணப்பிழை' வேண்டவே வேண்டாம். கணப்பு, இழை என்று நீங்கள் பிரித்து வைத்திருக்கிறீர்கள்; படிப்பவர் கண், பழுதைப் பற்றிய தாளில் அதைக் கணம், பிழை என்றே பிரிக்கும். ஒரு நொடி வந்து மறையும் கோளாறு என்று பொருள்கொண்டு மாணவர் வேறெங்கோ தேடப் போவார். புணர்ச்சி விதிப்படி சரியாக இருக்கும் சொல்லும் பயனிடத்தில் தவறான பொருளைத் தருமானால் அதைக் கைவிடுவதுதான் முறை.

இரண்டாவது, 'கணப்புப்பிடி' என்பதில் பகரம் அடுத்தடுத்து மோதுகிறது. வெம்மை, நீரோடு சேர்ந்து வெந்நீர் ஆவதுபோல, பிடியோடு சேர்ந்தால் 'வெம்பிடி' ஆகும். மூன்றெழுத்துச் சொல்லைப் போலவே ஓடிவிடும். இதையும் எண்ணிப் பாருங்கள்.

வேலூரிலிருந்து:

அம்மாவுக்கும் டொராண்டோ நண்பருக்கும் நன்றி கலந்த வணக்கம்.

'கணப்பிழை' குறித்து அம்மா சொன்னது முற்றிலும் சரி. அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு: எல்லா வண்டியிலும் உள்ளே இருப்பது இழையன்று, சிலவற்றில் ஏட்டில் பதித்த தடம். வடிவத்தைச் சொல்லும் பெயரைவிட வேலையைச் சொல்லும் 'சூடேற்றி' பாதுகாப்பானது.

'வெம்பிடி' என்ற சொல்லின் சுருக்கம் என்னை மிகவும் ஈர்த்தது. ஆயினும் ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. நம் வட்டாரத்தில் வெம்பிய மாங்காய் என்றால் பழுக்காமல் வாடிக் கெட்டது என்று சிறுவர்களுக்கும் தெரியும். 'வெம்பிடி' என்று கேட்டவுடன் வெம்மையைவிட வெம்பல்தான் முந்திக்கொண்டு வருகிறது. வெந்நீரில் அந்த இடர் இல்லை, ஏனென்றால் அங்கே மகரம் நகரமாகத் திரிந்து 'வெம்பு' என்ற வேரின் ஓசையை விட்டு விலகிவிட்டது. பகர மோதல் பற்றிய குறை உண்மைதான். அதைக் 'கணப்புப் பிடி' என்று இடைவெளி விட்டு எழுதினால் வாசிப்பு எளிதாகிறது. வகுப்பில் மாணவர்களைச் சொல்லச் சொன்னேன், தடுமாறவில்லை.

'சூடேறும் பிடி' எளிமையானது, அதை மறுக்கவில்லை. முதன்முறை அறிமுகப்படுத்தும் வாக்கியத்தில் 'சூடேறும் பிடி, அதாவது கணப்புப் பிடி' என்று சேர்த்தே எழுதுகிறேன். ஆனால் தொடர்ந்து பயன்படுத்த அது ஆகாது. 'சூடேறும் பிடி சூடேறவில்லை', 'சூடேறும் பிடியின் சூடேற்றி' என்று ஒவ்வொரு வரியிலும் ஒரே வேர் இரண்டு முறை வரும்; தேடிப் படிப்பவருக்கு எது எது என்று குழம்பும். ஆளி தாராளமாக இருக்கட்டும். இங்கே அச்சிடும் படியில் ஸ்விட்ச் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரே சொல்லைத் திணிப்பதைவிட இரு கரையிலும் வேலை நடப்பது முக்கியம். கட்டைவிரல் நெம்புகோலில் உள்ளதற்குக் 'கட்டைவிரல் கணப்பு' என்று வைத்தால் தனிப் பெயராகவும் உறவு தெரிவதாகவும் இருக்கும் என்று எண்ணுகிறேன்.

மின்னிணைப்பிகளில் ஈரம் இறங்கிச் செம்பின் மேல் படியும் பச்சைக்கு நீளமான தொடர் எதுவும் வேண்டாம். வீட்டுச் செம்புப் பாத்திரத்தில் படிவதை நாம் களிம்பு என்கிறோம், இதுவும் அதுவே. 'களிம்பேறிய இணைப்பி' என்றால் குடியாத்தத்திலும் புரியும், டொராண்டோவிலும் புரியும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: இந்த வண்டிகளில் நான் அதிகம் பார்த்த பழுதும், மாணவரை அதிகம் ஏமாற்றும் பழுதும் இதுதான். இணைப்பியைக் கழற்றி வோல்ட்மீட்டர் வைத்தால் 12 காட்டும், உடனே சூடேற்றிதான் கெட்டது என்று முடிவுகட்டுவார்கள். மீட்டர் வழியாக ஏறக்குறைய மின்னோட்டமே போவதில்லை, அதனால் களிம்பின் தடை வெளியே தெரிவதில்லை. 6 ஓம் சூடேற்றிக்கு முன்னால் 1 ஓம் களிம்பு நின்றால், சுமை ஏறியதும் ஓட்டம் 2 ஆம்பியரிலிருந்து 1.7க்கு இறங்கும், கைக்கு வர வேண்டிய 24 வாட்டில் சுமார் 17.6 வாட்டே வரும். ஏறத்தாழ 3 வாட் அந்தச் சின்ன இணைப்பியிலேயே எரிந்து அதன் பிளாஸ்டிக்கை உருக்கும். பிடி முழுதும் செத்துப்போகாமல் மந்தமாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

நண்பர் கேட்ட பத்தியும் சேர்த்து, ஏற்றுக்கொண்ட சொற்களால் எழுதிய வரைவு கீழே. சொல் எங்கேனும் இடறினால் தெரிவியுங்கள்; இல்லையெனில் இதையே வகுப்புக்கு அச்சிடலாம்.

"சூடேறும் பிடி, அதாவது கணப்புப் பிடி, இரண்டும் சூடாகவில்லையா, ஒன்று மட்டும் சூடாகவில்லையா என்று முதலில் பாருங்கள். இரண்டும் பக்க இணைப்பில் இருந்து ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், பழுது அந்தப் பக்கத்துச் சூடேற்றியிலோ அதன் கம்பியிலோ உள்ளது. இரண்டும் குளிர்ந்திருந்தால் ஃபியூஸ், ஆளி, எர்த் ஆகிய பொது இடங்களைப் பாருங்கள். இரண்டும் தொடரிணைப்பில் உள்ள வண்டியானால் ஒரு சூடேற்றி அறுந்தாலே இரண்டும் குளிர்ந்துவிடும் என்பதையும் மறவாதீர்கள். எஞ்சினை நிறுத்தி, இணைப்பியைக் கழற்றி, சூடேற்றியின் தடையை அளந்து வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். மீட்டர் எல்லையில்லாத் தடை காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது. பூச்சியத்தை ஒட்டிக் காட்டினால் குறுக்குச்சுற்று, புது ஃபியூஸ் போட்டாலும் எரியும். அளக்கும்போதே ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுதாகத் திருப்புங்கள், முடுக்கியையும் அழுத்திப் பாருங்கள். அளவு துள்ளினால் கம்பி வளையும் இடத்தில் அறுந்திருக்கிறது.

மின்கலம் இல்லாத வண்டியில், எஞ்சின் ஓடும்போது மேக்னட் காயிலிலிருந்துதான் மின்சாரம் வரும். எனவே மின்னழுத்தத்தை எஞ்சின் நின்றிருக்கும்போது அளப்பதால் பயனில்லை. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கணப்புப் பிடியை இணைத்த நிலையிலேயே, இணைப்பியின் பின்பக்கமாக மீட்டர் முனையை வைத்து அளந்திடுங்கள். பல பழைய வண்டிகளில் கணப்புப் பிடிக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். மீட்டரை நேர்திசை அளவில் வைத்திருந்தால் மின்சாரம் வந்துகொண்டிருக்கும்போதும் பூச்சியம் காட்டும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அளவு குறைந்து, வேகம் கூடும்போது ஏறுவது பழுதன்று. வேகம் கூடியும் ஏறாவிட்டால் முதலில் களிம்பேறிய இணைப்பிகளைச் சுத்தம் செய்து மீண்டும் அளந்து பாருங்கள். மேக்னட் காயிலில் அதன் பிறகே கை வையுங்கள்."