அக்கா வீட்டுச் சுவருக்குத் தகட்டுப் படங்கள்

அக்கா: படுக்கையறைக்குப் போகும் வழியில் அந்த நீளச் சுவர் மொட்டையாகக் கிடக்கிறது. பழைய காதல் ஓவியங்களை உலோகத் தகட்டில் அச்சடித்து மாட்டலாம் என்று ரொம்ப நாளாக ஆசை. ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட்டின் ‘முத்தம்’, இத்தாலிய ஓவியர் ஹாயெஸின் ‘முத்தம்’ இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். தம்பி, அச்சு வேலை தெரிந்தவன் நீதான், சொல்லு.

சித்தி: காகிதத்தில் அச்சடித்துச் சட்டம் போட்டால் போதாதா கண்ணு? தகடு என்றால் விளம்பரப் பலகை மாதிரி ஆகிவிடாதா?

நான்: சரியாகச் செய்தால் ஆகாது சித்தி. இப்போது பெரும்பாலும் அலுமினியத் தகடுதான், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கனம். அதன்மேல் ஒரு பூச்சு இருக்கும். படத்தைத் தனித்தாளில் அச்சடித்து, தகட்டின்மேல் வைத்து, 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகி அந்தப் பூச்சுக்குள்ளேயே இறங்கிவிடும். இதற்குச் சப்ளிமேஷன் என்று பேர். மேலே ஒட்டியதல்ல என்பதால் உரிந்து வராது.

அண்ணி: தம்பி, துருப் பிடிக்காதா?

நான்: அலுமினியம் துருப் பிடிக்காது அண்ணி. பழைய பாணித் தகரப் பலகைகள் இரும்புத் தகடு. ஓரத்திலோ ஆணி ஓட்டையிலோ கீறல் விழுந்தால் அங்கிருந்து துரு கிளம்பும். வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு.

அக்கா: சரி, என் இரண்டு படத்துக்கும் வா.

நான்: வருகிறேன் அக்கா. எல்லாமே அடித்தளத்தில்தான் இருக்கிறது. வெள்ளை அடித்தளம், வெறும் உலோக அடித்தளம் என்று இரண்டு வகை. சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. வெறும் உலோகத்தில் அடித்தால் படத்தில் வெள்ளையாக உள்ள இடமெல்லாம் வெள்ளியாக மினுங்கும். மஞ்சள் விழுந்த இடம் தங்கம் போலத் தெரியும்.

அக்கா: அப்படியென்றால் கிளிம்ட்டுக்கு அதுதானே வேண்டும்! அவர் 1907-08இல் வரைந்தபோது உண்மையான தங்க ரேக்கையே ஒட்டினார்.

நான்: அந்தக் காதலர்கள் மேல் இருக்கும் தங்கப் போர்வைக்கு அது பிரமாதம். காகிதத்தில் அந்தத் தங்கம் வெறும் மங்கல் மஞ்சளாகத்தான் வரும், நீயே பார்த்திருப்பாய். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார். கண் மூடி, கன்னம் வெளுத்து, படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. வெறும் உலோகத்தில் அந்தக் கன்னம் சாம்பல் பூத்து, நோயாளி முகம் போல ஆகிவிடும். அதனால் இந்த ஒரு படத்தை மட்டும் யூவி அச்சில் கொடு, அதாவது மையைத் தகட்டின்மேலேயே அடித்துப் புற ஊதா ஒளியில் உலர்த்தும் முறை. அதில் வெள்ளை மை உண்டு. முகம், கை, கால் இருக்கும் இடத்தில் மட்டும் முதலில் வெள்ளை அடித்து, மற்ற இடத்தை வெறும் உலோகமாக விடச் சொல்லலாம். கேட்டால்தான் செய்வார்கள், தாமாகச் சொல்லமாட்டார்கள்.

அக்கா: இது எனக்குத் தெரியவே தெரியாது. ஹாயெஸுக்கும் அப்படியா?

நான்: வேண்டாம். 1859 படம், அதில் அந்த ஆணின் முகத்தைத் தொப்பி பாதி மறைத்துவிடுகிறது. கண் போகும் இடம் அவளுடைய நீலப் பட்டு உடை. அந்த மடிப்புகளில் விழும் வெளிச்சம் வெறும் உலோகத்தில் உண்மையிலேயே பளபளக்கும். நீ நடக்க நடக்க மின்னுகிற இடம் மாறும். எனக்குக் கேட்டால் உன் சுவருக்கு இதுதான் முதல் படம்.

மாமா: குறுக்கே வருகிறேன். உலோகத்தில் காதல் புதிதில்லை. 1839இல் வந்த டாகுரியோடைப் என்ற ஆரம்பகாலப் புகைப்படமே வெள்ளி பூசிய செப்புத் தகட்டில்தான். அப்புறம் 1850களில் கருப்பு அரக்கு பூசிய மெல்லிய இரும்புத் தகடு வந்தது. விலை குறைவு, கண்ணாடி மாதிரி உடையாது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போன சிப்பாய்கள் தங்கள் பெண்களின் படத்தை அப்படித்தான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்கள். நெகட்டிவ் கிடையாது, ஒன்றே ஒன்றுதான், அதனால் இடம் வலம் மாறித் தெரியும்.

சித்தி: இதைக் கேட்ட பிறகு எனக்கும் ஆசை வருகிறது அண்ணா. நம் அப்பா அம்மா கல்யாணப் படத்தைத் தகட்டில் போட முடியுமா? அம்மா கேமராவைப் பார்க்காமல் அப்பாவின் கையைப் பார்ப்பாளே, அந்தப் படம்.

மாமா: நாற்காலிப் பிடியில் இருக்கும் கைதானே. மோதிரம்கூடத் தெரியும்.

அக்கா: ஓவியத்தை விட அதுதான் வேண்டும். முதல் இடம் அதற்கே. ஹாயெஸ் இரண்டாவது.

நான்: அப்படியென்றால் அதை வெள்ளை அடித்தளத்தில், பளபளக்காத மேட் பூச்சில் போடுவோம். முகங்கள் உள்ள பழைய கருப்பு வெள்ளைப் படத்துக்கு மினுமினுப்பு ஆகாது. சுவருக்கு எதிரே ஜன்னல் இருக்கிறது, பளபளக்கும் கிளாஸி பூச்சு போட்டால் பகல் முழுக்க ஜன்னல்தான் தெரியும், பாட்டி தெரியமாட்டாள். செயற்கையாகப் பழுப்பு நிறமும் ஏற்ற வேண்டாம். அந்தப் படத்துக்கு வயதால் வந்த நிறமே போதும்.

அண்ணி: என் போனில் அந்தப் படம் இருக்கிறது, அனுப்பட்டுமா?

நான்: இந்தக் குடும்பக் குழுவில் போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும் அண்ணி. மூலப் படத்தையே ஸ்கேன் செய்ய வேண்டும். 4க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 12க்கு 18 அங்குலத்தில் அச்சடிக்க 200 டிபிஐ கிடைக்கும். அது போதும். கோப்பை டாகுமென்ட்டாக அனுப்புங்கள்.

அக்கா: ஓவியங்களை எங்கிருந்தாவது இறக்கிக்கொள்ளலாமா? உரிமைப் பிரச்சினை வருமா?

நான்: ஹாயெஸ் 1882இலும் கிளிம்ட் 1918இலும் காலமானவர்கள், ஓவியத்தின் உரிமைக் காலம் முடிந்துவிட்டது. பழைய சினிமா ஸ்டில் அப்படியில்லை, பழையது என்பதாலேயே உரிமை போய்விடாது. மூன்றாவது ஓவியம் வேண்டுமென்றால் பிரெஞ்சு ஓவியர் பியர் ஆகஸ்ட் கோவின் 1873 ஊஞ்சல் படத்தைப் பார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உரிமை முடிந்த படைப்புகளின் பெரிய கோப்புகளை அவர்கள் 2017 முதல் இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் கல்யாணப் படத்தையும் சேர்த்து மொத்தம் மூன்றோடு நிறுத்திக்கொள். எல்லாமே மின்னினால் எதுவும் மின்னாது.

அக்கா: அப்போது கிளிம்ட்டை விட்டுவிடுகிறேன். மாட்டுவது எப்படி? இரட்டைப் பக்க டேப்?

நான்: வேண்டாம், பெயின்ட்டோடு உரிந்து வரும். பின்னால் சிறு கட்டை ஒட்டித் தரச் சொல், சுவரிலிருந்து அரை அங்குலம் தள்ளி நிற்கும், ஓரத்தில் மெல்லிய நிழல் விழும். மூலைகளை உருட்டித் தரச் சொல், குழந்தைகள் ஓடுகிற வழி. நேர் வெயில் படாமல் பார்த்துக்கொள், சாயம் வெளுக்கும். துடைக்க ஈரத்துணி போதும்.

சித்தி: அப்பா அம்மா படம் என்னிடம்தான் இருக்கிறது. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது, ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரித்து எடுக்கட்டுமா?

நான்: பிய்க்காதீர்கள் சித்தி! சட்டத்தை மட்டும் கழற்றிக் கண்ணாடியோடே கொடுங்கள். அப்படியே ஸ்கேன் செய்துவிடலாம்.

சித்தி: சரிப்பா, தொடவில்லை. நீயே வந்து எடுத்துக்கொள். இரண்டு பிரதி போடு, ஒன்று எனக்கு.

மாமா: மூன்று.