தீக்காயம் ஆறிவரும் பிள்ளைகளுக்கு அரியமானில் கோடை முகாம்: இடமும் ஆளும் தேவை

மண்டபம், உச்சிப்புளி, பாம்பன் பக்கத்து அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். மே விடுமுறையில் தீக்காயம் ஆறிவரும் பிள்ளைகளை, தாய்மாரோடு மூன்று நாள் கடற்கரைக்கு அழைத்துவர நாலைந்து பேர் சேர்ந்து முயல்கிறோம். அப்போது தென்கடலில் (மன்னார் வளைகுடா) காற்று ஏறிவிடும். வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) குளம் மாதிரி கிடக்கும் என்பதால்தான் அந்தப் பக்கத்து அரியமான் கடற்கரை.

முதல் தேவை நிழல். ஆழமாக வெந்து, வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டிய இடத்தில் சரியாக வியர்க்காது, உடம்புச் சூடு இறங்காது. புதுத்தோல் வெயில் பட்டால் கருத்துவிடும். தழும்பு தடிக்காமலிருக்க இறுக்கமான அழுத்த உடையை நாளுக்கு 23 மணி நேரம் வரை போட்டிருக்கும் பிள்ளைகளும் உண்டு. அதனால் கடல் விளையாட்டெல்லாம் காலை எட்டுக்குள், மாலை ஐந்துக்கு மேல். நடுப்பகலுக்கு மின்விசிறி ஓடும் வீடோ மண்டபமோ வேண்டும். நல்ல தண்ணீர் கட்டாயம். உப்பைக் கழுவி எண்ணெய் தடவ வேண்டுமே! (உப்புக் கிணற்று வீடு வேண்டாம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.) சமையலறை தள்ளி இருந்தால் நல்லது. அடுப்புத் தீயைக் கண்டாலே நடுங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மூட்டு மடங்கி இறுகாமல் தினமும் நீட்டிப் பயிற்சி தர ஒரு பிசியோதெரபிஸ்ட் தேவை. ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்தானே, விசைப்படகுத் தம்பிகள் இரண்டு பேர் கரையில் காவலுக்கு நின்றால் போதும். காரங்காட்டு அலையாத்திக் காட்டைப் பார்க்கப் பிள்ளைகளைப் படகேற்றவும் ஆசை.

வருகிறவர்கள் போட்டோ எடுக்கக் கூடாது, “எப்படிம்மா ஆச்சு?” என்று கேட்கவும் கூடாது.

பணம் இப்போது வேண்டாம். இடம் தெரிந்தவர்கள் வாடகையோடு உள்பெட்டியில் எழுதுங்கள்.