இரணைமடுக் குளக்கட்டுக்கு நீங்கள் எப்போது போவீர்கள், எதனால் போகாமல் விடுவீர்கள்?

உறவுகளே, வணக்கம். கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில் குடும்பங்கள் நிம்மதியாகப் பொழுதுபோக்க என்ன தேவை என்று எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் பிரதேச சபைக்கு ஓர் அறிக்கை தயாரிக்கிறது. உங்கள் அனுபவம் வேண்டும்.

நீர்மட்டம்தான் முதற்காரணம் என்பது என் எண்ணம். மாரியில் குளத்துக்கு நீர் தரும் கனகராயன் ஆறு பெருகி, மிகைநீரை வெளியேற்றும் வான்கதவுகள் திறந்தால் கட்டு முழுக்கச் சனம். சிறுபோக நெல் வயல்களுக்குத் தண்ணீர் விட்டு முடிந்தால் வெடித்த சேறும் கரையில் கிடக்கும் தோணிகளும்தான். ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. கூட்டம் கூடும் அதே நாள்தான் ஆபத்தான நாளும். நீர் சீறிப்பாயும் இடத்துக்குப் பக்கத்தில் சிறுபிள்ளைகள் கால் நனைப்பதைப் பார்க்க நெஞ்சு பதறுகிறது.

நிழல், மலசலகூடம், பஸ், குப்பை, முதலைப் பயம் ஆகியவையும் உண்டு. மாலையில் பெண்கள் ஏன் வரத் தயங்குகிறார்கள் என்பதைப் பெண்களே எழுதினால் நல்லது. வயலுக்கான தண்ணீருக்கும் மீனவர் தொழிலுக்கும் பிறகுதான் பொழுதுபோக்கு; அதில் எங்களுக்கு இரண்டாம் பேச்சில்லை.

வவுனிக்குளம், முத்தையன்கட்டுக் குளம் பக்கம் இருப்பவர்களே, அங்கே வான் பாயும் நாள்களில் சனத்தை யார், எப்படி ஒழுங்குபடுத்துகிறார்கள்? தயவுசெய்து விவரமாக எழுதுங்கள்.