777 போட்டும் 403 போகவில்லை, எங்கே தப்பு?

கேள்வி:
ஒரு வேர்ட்பிரஸ் தளத்தை உபுண்டு 18.04 சர்வரிலிருந்து புதிதாக எடுத்த 22.04 சர்வருக்கு மாற்றினேன். வெப் சர்வர் என்ஜின்எக்ஸ்தான். பழையதில் இருந்த மாதிரியே ஃபைல்களை என் ஹோம் ஃபோல்டருக்குள் வைத்தேன், திறந்தால் 403 (அனுமதி இல்லை) எரர். வெறுத்துப்போய் தளத்தின் ஃபோல்டர் முழுவதற்கும் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போட்டேன், அப்போதும் அதே 403. வேறு என்ன பார்க்கணும்?

பதில் 1:
முதலில் அந்த 777ஐ எடுங்கள், சர்வரில் யார் வேண்டுமானாலும் உங்கள் பிஎச்பி ஃபைலில் எழுதலாம். ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644, அதாவது எழுதுவது ஓனர் மட்டும், மற்றவர்கள் படிக்கலாம். மொத்தமாக 644 அடித்துவிடாதீர்கள், ஃபோல்டர்களின் எக்ஸ் பிட் போய்விடும், அப்புறம் உள்ளேயே நுழைய முடியாது. ஃபைண்ட் கமாண்டில் ஃபோல்டரையும் ஃபைலையும் பிரித்து இரண்டு தடவை ஓட்டுங்கள்.

பதில் 2:
அது சரி, ஆனால் 403 அதனால் போகாது. 777க்கும் மசியவில்லை என்றால் மேலே ஏதோ ஒரு ஃபோல்டர் வழியை மறிக்கிறது. நேம்ஐ கமாண்டை மைனஸ் எல் உடன் முழுப் பாதைக்கும் கொடுங்கள், ஒவ்வொரு படிக்கும் ஓனர், பர்மிஷன் வந்துவிடும். ஹோம் 750 என்று இருக்கும் பாருங்கள், அதாவது வேறு யூசராக ஓடும் என்ஜின்எக்ஸ் உள்ளே நுழைய முடியாது. உபுண்டு 21.04 முதல் புது யூசரின் ஹோம் அப்படித்தான் உருவாகிறது, முன்பு 755.

கேட்டவர்:
அதேதான், 750! ஹோமுக்கும் 777 போட்டுவிடவா?

பதில் 2:
ஐயோ, வேண்டாம். ஹோமில் மற்றவர்கள் எழுதலாம் என்றிருந்தால் எஸ்எஸ்எச் (சர்வருக்குள் லாகின் செய்யும் வழி) உங்கள் கீயையே ஏற்காது, நீங்கள் வெளியே நிற்பீர்கள். அவசரத்துக்கு ஹோமில் மற்றவர்களுக்கு எக்ஸ் மட்டும் கொடுங்கள், 751 ஆகும், அது போதும். நானாக இருந்தால் தளத்தையே /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ கீழே மாற்றிவிடுவேன். ஓனர் நீங்களே இருங்கள், அப்லோட்ஸ் ஃபோல்டரை மட்டும் சிஎச்ஓன் (ஓனரை மாற்றும் கமாண்ட்) போட்டு, வெப் சர்வரும் பிஎச்பியும் ஓடும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா யூசருக்குக் கொடுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் கான்ஃபிக் ஃபைலுக்கு 640, குரூப் அதே டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. எல்லாவற்றையும் அந்த யூசர் பேரிலேயே எழுதிவைப்பவர்களும் உண்டு, வசதிதான், ஆனால் ஒரு பிளகினில் ஓட்டை என்றால் முழுத் தளமும் போச்சு.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன், தளம் வந்துவிட்டது. இப்போது பிளகின் அப்டேட் அடித்தால் எஃப்டிபி பாஸ்வேர்டு கேட்கிறதே?

பதில் 2:
கேட்கும், பிஎச்பிக்கு அந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை அல்லவா. உங்கள் யூசரில் லாகின் செய்து டபிள்யூபி-சிஎல்ஐ (வேர்ட்பிரஸின் கமாண்ட்லைன் கருவி) மூலம் அப்டேட் செய்யுங்கள், ரூட்டாகச் செய்யாதீர்கள், ஓனர் மறுபடி குழம்பிவிடும்.