வருடத்துக்கு ஒரு டீம் மாறும் தம்பி: இப்படியே போகலாமா?

தங்கச்சிமடம் அக்கா:
என் தம்பிக்கு 24 வயது, கூடைப்பந்தில் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன். விளையாட்டு விடுதி, பிறகு கல்லூரி, அப்புறம் சென்னையில் ஒரு அலுவலக அணியில் ஸ்டைபண்ட். இந்த வருடம் அதைப் புதுப்பிக்கவில்லை. நான்கு வருடத்தில் நான்கு டீம் ஆகிவிட்டது. இப்போது பெரியகுளம், கரூர் என்று யார் கூப்பிட்டாலும் கெஸ்ட் பிளேயராகப் போய் ஆடிவிட்டு வருகிறான். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்பா வீட்டிலேயே இருக்கிறார், தினமும் இதே பேச்சுதான், "ஓரிடத்தில் நிலைக்காதவன்" என்று. இவனோ அமெரிக்காவில் 13 டீமுக்கு ஆடிய ஒருவரைக் காட்டுகிறான். அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், நம் ஊரில் அது நடக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை ரசிகன்:
அவன் காட்டியது இஷ் ஸ்மித்தாக இருக்கும். 2010 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும்போது, அவரை ஒரு அணியும் எடுக்கவில்லை, உயரம் ஆறடிதான். ஹூஸ்டனில் தொடங்கி 13வது அணியாக டென்வருக்குப் போனார், அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் அதுதான் சாதனை, அந்த அணி 2023ல் கோப்பையும் வாங்கியது. முதல் ஆட்டக்காரர் மூச்சு வாங்க உட்காரும் பத்து நிமிடத்தில் ஆட்டம் கலையாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் எல்லா டீமுக்கும் வேண்டும், புது டீமின் ஆட்ட முறையைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறவனைத்தான் அதற்குத் தேடுவார்கள்.

அங்கே பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு அக்கா. ஜனவரி 5க்குப் பிறகு ஒரு டீம் ஒருவரை ஒரு சீசனில் இரண்டு முறைதான் அப்படி எடுக்கலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பி.ஜே. டக்கர் 2006ல் டொராண்டோவுக்கு வந்து ஒரே சீசனில் வெளியேறி, இஸ்ரேல், உக்ரைன், ஜெர்மனி என்று ஐந்து வருடம் சுற்றினார். 2012ல் ஃபீனிக்ஸ் கூப்பிட்டது, 2021ல் மில்வாக்கியோடு சாம்பியன். தம்பியை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

மண்டபம் பழைய ஆட்டக்காரன்:
ரசிகன் தம்பி சொன்னதெல்லாம் உண்மை, ஆனால் அங்கே அந்தப் பத்து நாளுக்குக் கொடுப்பதே பெரிய பணம். இங்கே கெஸ்ட்டாகப் போனால் பஸ் செலவு, சாப்பாடு, கையில் கொஞ்சம் காசு, அவ்வளவுதான். நம்மிடம் டீம் மாறி ஆடுவது ஒரு வேலைக்குப் போய்ச் சேரும்வரைக்கும்தான், அதனால் எந்த ஆட்டம் வேலைக்கு உதவும் என்று பார்த்து ஆட வேண்டும்.

மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு, மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் ஃபார்ம் 2 என்ற சான்று, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியிருந்தால் ஃபார்ம் 3. கிளப்புகள் நடத்தும் அழைப்புப் போட்டியில் எத்தனை கோப்பை வாங்கினாலும் இந்த ஃபார்ம் கிடைக்காது. இது எனக்கு 27 வயதில்தான் தெரிந்தது, அதற்குள் எத்தனையோ வருடங்கள் அழைப்புப் போட்டிகளிலேயே போய்விட்டன. ஆடட்டும், பெரியகுளத்தில் ஆடினால் பெரிய டீம் கோச்சுகள் கண்ணில் படுவான். ஆனால் மாநிலத் தேர்வு எப்போது நடந்தாலும் கெஸ்ட் ஆட்டத்தை விட்டுவிட்டு அங்கே போய் நிற்க வேண்டும். பட்டத்தை முடித்துவிட்டானா?

பாம்பன் வலைக்காரன்:
எனக்குக் கூடைப்பந்து தெரியாது. ஆனால் உங்கள் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள், அவர் எத்தனை சம்மாட்டியிடம் (படகு முதலாளியிடம்) வேலை பார்த்தார் என்று. நான் ஆறு பேரிடம் பார்த்திருக்கிறேன், நடுவில் கேரளாவிலும் இரண்டு சீசன் படகு ஏறியிருக்கிறேன். நேரத்துக்கு வருகிறவன், சண்டை போடாதவன், வலையில் கை படிந்தவன் என்றால் சம்மாட்டி வீடு தேடி வந்து கூப்பிடுவார். அப்படிப்பட்டவனை நிலைக்காதவன் என்று எந்தக் கரையிலும் சொல்ல மாட்டார்கள். தம்பியை அடுத்த வருடமும் கூப்பிடுகிறார்களா? அதைப் பாருங்கள்.

தங்கச்சிமடம் அக்கா:
எல்லோருக்கும் நன்றி. பட்டம் முடித்துவிட்டான் அண்ணா. பல்கலைக்கழக அணியில் இரண்டு வருடம் ஆடினான், ஆனால் ஃபார்ம் 3 வாங்கவே இல்லையாம், கல்லூரிச் சான்றிதழ் போதும் என்று இருந்துவிட்டான். அடுத்த வாரம் போய் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். பெரியகுளத்து டீம் இவனை மூன்றாவது வருடமாகக் கூப்பிடுகிறது. பாம்பன் அண்ணன் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை, கொஞ்ச நேரம் கழித்து, "மேட்ச் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.