தினம் மீன் தின்கிறவருக்கு பி12 வைட்டமின் குறையுமா?

காசிமேட்டுக்காரன்:
சிறுகுடலில் பை விழுந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இருந்தால் சொல்லச் சொன்னார்கள். எங்கள் நைனா கதை இது.

வயது 68. ஹார்பரில் ஐஸ் உடைத்தவர். மூன்று வருடமாகச் சாப்பிட்டு அரை மணியில் வயிறு கும்மென்று ஊதிக்கொள்ளும், கடமுடா சத்தம், அப்புறம் பேதி. தெருமுனை கிளினிக்கில் கேஸ் ட்ரபிள் என்று ரோஸ் கலர் மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மேலே எண்டாஸ்கோப்பி, கீழே கொலனாஸ்கோப்பி, இரண்டும் சுத்தம். அந்த இரண்டு குழாயும் எட்டாத குடல் நடுவில் கிட்டத்தட்ட இருபது அடி இருக்கிறது என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்தார். இன்னொன்று கழன்று விழுந்ததே தெரியவில்லையாம். சர்க்கரை கிடையாது. ரத்தத்தில் பி12 ரொம்பக் குறைவு. அது குறைந்தால் நரம்பு கெட்டுக் கால் மரத்துப்போகுமாம். மீனில் அது நிறைய உண்டு. "தினம் மீன் தின்கிற மனுஷனுக்கு இது எப்படிய்யா குறையும்?" என்று புது டாக்டர் குடைய ஆரம்பித்தார். மருந்துத் தண்ணீர் குடிக்க வைத்து சி.டி. ஸ்கேன் எடுத்ததில், சிறுகுடலின் மேல்பாதியில் கொத்தாகப் பைகள்.

பழைய சைக்கிள் டியூப்பில் காற்றடித்தால் நைந்த இடம் புடைக்குமே, அதே கதைதான். ரத்தக்குழாய் குடலுக்குள் நுழைகிற இடத்தில் தசை பலவீனம். வயதானபின் அது வழியாக உள்தோல் பிதுங்கிவிடுகிறது. பையில் தேங்குகிற சாப்பாட்டில் கிருமி பெருகி, நாம் தின்னும் பி12-ஐ அதுவே தின்றுவிடும்.

உடனே கத்தி வைக்கவில்லை. கிருமிக்கு மாத்திரை, பி12 ஊசி என்று எட்டு மாதம் நன்றாகவே ஓடியது. அப்புறம் ஒரு ராத்திரி காய்ச்சல், வாந்தி, தொட்டால் துள்ளுகிற வலி. ஒரு பை சீழ் பிடித்திருந்தது. அதை ஊசி மருந்தில் ஆற்றிவிட்டு, ஆறு வாரம் கழித்து லேப்ராஸ்கோப்பி. (இதை லேசர் என்று சொல்லிக்கொண்டிருக்கிற சொந்தக்காரர்களுக்கு: லேசர் எதுவும் இல்லை. வயிற்றில் கேஸ் நிரப்பி, சின்னத் துளைகளில் கேமராவும் கருவியும் விடுகிறார்கள்.) முதலில் முழுக் குடலையும் கேமராவில் பார்த்தார்கள். தொப்புள் துளையை இரண்டு அங்குலத்துக்குப் பெரிதாக்கி, கெட்ட துண்டை வெளியே இழுத்து, ஒன்றரை அடி வெட்டி இணைத்தார்கள். தள்ளியிருந்த சின்னப் பைகளைத் தொடவில்லை. எல்லாவற்றையும் எடுத்தால் சத்தை உறிஞ்சக் குடல் மிச்சமிருக்காது என்றார் சர்ஜன். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் வலது தோள்பட்டை வலிக்கிறது என்றார். அம்மா மாரடைப்பு என்றே அழ ஆரம்பித்துவிட்டார். உள்ளே விட்ட கேஸ் மிச்சமிருந்தால் அப்படித்தான் இருக்குமாம். இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அப்புறம் தினமும் காலையில் ரவுண்ட்ஸில் ஒரே கேள்வி: "காத்து பிரிஞ்சுதா?" குடல் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்ததற்கு அதுதான் அடையாளமாம். மூன்றாம் நாள் பிரிந்தது. வார்டே சந்தோஷப்பட்டது.

திருவொற்றியூர் அம்மா:
என் பையனுக்கும் குடல் பைதான், ஆனால் வேற ரகம். ஒன்பது வயதில் வலியே இல்லாமல் ரத்தமாகப் போனான், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. மெக்கல் பை என்றார்கள். பிறவியிலேயே இருப்பது, நூறில் இரண்டு பேருக்கு உண்டாம். சிறுகுடலின் கடைசிப் பக்கம் ஒற்றைப் பையாக இருக்கும். உள்ளே இரைப்பைத் தோல் ஒட்டியிருந்தால் அமிலம் சுரந்து பக்கத்துக் குடலைப் புண்ணாக்கிவிடும். ஊசி போட்டு எடுக்கிற தனி ஸ்கேனில் அது மின்னியது. இவனுக்கும் துளை ஆபரேஷன்தான். தழும்பைக் காட்டிக் கூட்டாளிகளிடம் கத்திக்குத்து என்று கதை விடுகிறான்.

பெரம்பூர்:
எங்கள் ஆயாவுக்கு கிட்னிக் கல்லுக்கு எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் குடல் பை தெரிந்தது. தொந்தரவு இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர், விட்டுவிட்டோம். காசிமேட்டுத் தம்பி, நைனாவுக்கு இன்னும் ஊசி போகிறதா?

காசிமேட்டுக்காரன்:
போகிறது அக்கா, மாதம் ஒன்று. மிச்சப் பைகள் உள்ளேதானே இருக்கின்றன. கால் மரப்பு முழுசாகப் போகவில்லை. டாக்டரிடம் வர லேட்டாகிவிட்டது. இப்போது வார் வைத்த செருப்புதான் போடுகிறார்.