கடிவாளத்தைக் கையில் பிடித்தவர்கள் சொல்லுங்கள்

மொழிபெயர்ப்பு மேசை:
பொருளாதாரச் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை. ‘கர்ப்’ என்ற ஆங்கிலச் சொல் கண்ணில் படாத வாரமே கிடையாது. விலைவாசியைக் கர்ப் செய்ய நடவடிக்கை, செலவைக் கர்ப் செய்ய உத்தரவு என்று வந்துகொண்டே இருக்கும். நானும் ‘கடிவாளம் போட’ என்று எழுதி அனுப்பிவிடுவேன். போன மாதம் குதிரையேற்றம் பழகும் தோழியைப் பார்க்கப் போனேன். தாடைக்கு அடியில் மாட்டும் தட்டையான சிறு சங்கிலி ஒன்றைக் காட்டி, “இதுதான் கர்ப் செயின்” என்றாள். ‘வளைப்பது’ என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழியில் வந்த பெயர். அவ்வளவு பெரிய விலங்கை இத்தனை சின்னச் சங்கிலியா நிறுத்துகிறது? குதிரையோடு பழகியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன்.

லாயக்காரர்:
லாயத்தில்தான் எனக்கு வேலை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பலத்தை வைத்துக் குதிரையை யாரும் நிறுத்துவதில்லை. வளர்ந்த குதிரை 450, 500 கிலோ இருக்கும். அது மிரண்டு ஓடத் தொடங்கிவிட்டால் நம் கைப்பலம் எம்மாத்திரம்? இடம் இருந்தால், கையில் பிடிக்கும் கடிவாள வாரில் ஒரு பக்கத்தை மட்டும் மெல்லப் பிடித்து வட்டமாகத் திருப்பி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம்.

கடிவாளம் மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே குதிரைக்கு வெறும் ஈறாக ஓர் இடம் உண்டு. வாயோரமாக அங்கே கட்டைவிரலை நுழைத்தால் வாயைத் திறக்கும். கடிவாளத்தின் வாய்க்கம்பி உட்காருவதும் அந்த ஈறின்மேலும் நாக்கின்மேலும்தான். குளிர்கால விடியலில் கம்பியை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிய பிறகுதான் வாயில் வைப்பேன். பல்லில் இடித்துவிட்டால் மறுநாள் நம்மைப் பார்த்ததுமே தலையைத் தூக்கிக்கொள்ளும். காதுகளை ஒவ்வொன்றாகப் பதமாக மடக்கித் தலைவாருக்குள் விட வேண்டும். தொண்டை வாருக்குள் நாலு விரல் நுழைகிற இடைவெளி வேண்டும்.

அப்புறம் நீங்கள் பார்த்த சங்கிலி. அது நெம்புகோலின் ஒரு பகுதி. கர்ப் வகைக் கடிவாளத்தில் வாய்க்கம்பியின் இரண்டு பக்கமும் கீழ்நோக்கி ஒரு தண்டு நீண்டிருக்கும். வாரைப் பூட்டுவது அந்தத் தண்டின் நுனியில். வாரை இழுத்தால் கம்பி வாய்க்குள் சுழலும், சங்கிலி தாடைப் பள்ளத்தில் இறுகும், தலைவார் உச்சியை அழுத்தும். கை கொஞ்சம் அசைந்தாலும் அங்கே பல மடங்காகப் போய்ச் சேரும். புதிதாகப் பழகுகிறவரிடம் நாங்கள் இதைக் கொடுப்பதே இல்லை. தண்டு ஏறக்குறைய 45 டிகிரி பின்னால் வந்த பிறகே சங்கிலி அழுத்தும்படி கொக்கியில் மாட்டுவோம். நன்றாகப் பழகிய குதிரை அந்தத் தளர்வு தீர்வதற்குள்ளேயே சொன்னதைக் கேட்டுவிடும்.

எங்கள் பெட்டைக் குதிரை ஒன்றின்மேல் ஒரு பையன் பழகிக்கொண்டிருந்தான். குதிரை வேகமெடுத்ததும் இரண்டு கையாலும் வாரை இழுத்துப் பிடித்தான். அவன் இழுக்க இழுக்க அது கம்பியின்மேல் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாகப் போனது. “விடு, விட்டுப் பிடி!” என்று பயிற்சியாளர் கத்தினார். விரலைத் தளர்த்தி, இடுப்பை அழுத்தி உட்கார்ந்து, மறுபடி லேசாகப் பிடித்தான். இரண்டு முறை அப்படிச் செய்ததும் குதிரை நடைக்கு வந்துவிட்டது. கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கத்து செனஃபன் இதைத்தான் எழுதிவைத்தார்: குதிரை கழுத்தை உயர்த்தி இணங்கியதும் உடனே வாரைத் தளர்த்திக் கொடு என்று. விடுவதுதான் அதற்குக் கிடைக்கும் பரிசு. விடத் தெரியாத கையில் எந்தக் கடிவாளமும் சித்திரவதைக் கருவிதான். அப்படிப்பட்ட கைகளால் வாயோரம் புண்ணான குதிரைகளைக் கழுவி மருந்து போட்டிருக்கிறேன். அதனால் சொல்கிறேன், கோபம் வருகிறவர் வாரைத் தொடவே வேண்டாம்.

மொழிபெயர்ப்பு மேசை:
ரொம்ப நன்றி. மத்திய வங்கி வட்டியைக் கால் சதவீதம் ஏற்றும், விலையேற்றம் அடங்கியதும் இறக்கும். அதற்குக் கடிவாளம் என்பது அப்படியே பொருந்துகிறது. ஒரேயடியாக மூடுவதற்கும் தடுப்பதற்கும் இனி ‘தடை’ என்றே எழுதப்போகிறேன்.

வண்டி ஓட்டியவர்:
லாயக்காரர் சொன்னது அத்தனையும் சரி. சேணத்தில் இருப்பவருக்குக் கால், இடுப்பு எல்லாம் துணை. வண்டியில் உட்கார்ந்தவனுக்கு வாரும் குரலும்தான், பக்கத்தில் ஒரு சாட்டை. நான் வாரை இழுப்பதைவிடக் குரல் கொடுத்ததுதான் அதிகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கம்பக்கம் பார்க்காதவரைக் ‘கடிவாளம் போட்ட குதிரை மாதிரி’ என்கிறோம். பார்வையை மறைப்பது கடிவாளம் அல்ல, கண்ணோரத்தில் வைக்கும் தோல் மறைப்பு. குதிரைக்கு முதுகுக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் கொஞ்சம் விட்டால் சுற்றிலும் தெரியும். பின்னால் உருளும் சக்கரத்தைப் பார்த்து மிரளக் கூடாது என்றுதான் மறைப்பு வைப்போம். மறைப்பு இல்லாமலே வண்டி இழுக்கப் பழக்கிய குதிரைகளும் உண்டு. அப்படி ஒன்றை ஓட்டியிருக்கிறேன். சக்கரச் சத்தத்துக்கு முதலில் தரையில் நடத்தியே பழக்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். பழகிய பிறகு அதைப்போல நிதானமான குதிரையை நான் ஓட்டியதில்லை.